பாயிண்டில் படிந்த எண்ணெய்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைச்சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. அவற்றில் பாதியைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தபோது, என் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் மெல்லிய கீச்சொலி ஒன்றை எழுப்பிவிட்டுப் பின்சக்கரத்தை அப்படியே பூட்டிவிட்டது. கை தன்னிச்சையாகக் கிளட்சைப் பிடித்ததால் விழாமல் தப்பினேன். ஓரமாகத் தள்ளி நிறுத்திக் கிக்கரை மிதித்தபோது அது கல்லைப்போல் அசையாமல் நின்றது. கால் மணி நேரம் கழித்து இன்ஜின் ஆறியதும் கிக்கர் மீண்டும் இறங்கியது, வண்டியும் கிளம்பியது. கிளம்பிவிட்டதே என்ற மகிழ்ச்சியில் மேலே ஏறாமல், நியூட்ரலில் அடிவாரம் வரை உருட்டிக்கொண்டு வந்தது அன்று நான் செய்த ஒரே அறிவார்ந்த செயல்.

இந்த வண்டி அப்பா 1991-இல் வாங்கியது. 1985-இல் அறிமுகமாகி 1996-இல் உற்பத்தி நின்றுபோன ஆர்எக்ஸ் 100-ஐப் பற்றித் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. வண்டியைப் பார்க்காமல் சத்தத்தை மட்டும் கேட்டே பெயரைச் சொல்லிவிடுவார்கள். 50 மில்லிமீட்டர் விட்டமும் 50 மில்லிமீட்டர் ஓட்டமும் கொண்ட 98 சிசி ஒற்றைச் சிலிண்டர், பெட்ரோல் கலவையை உள்ளே விட்டுத் திரும்ப விடாமல் தடுக்கும் ரீட் வால்வு, டூ-ஸ்ட்ரோக் இன்ஜினுக்குத் தேவையான டூ-டி ஆயிலைத் தானே அளந்து ஊற்றும் ஒரு சிறிய பம்பு ஆகியவற்றைத் தவிர அந்த இன்ஜினில் மறைவாக எதுவுமில்லை. அதனால்தான் இதில் வரும் எந்தக் கோளாறையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கண்டுபிடித்துவிடலாம் என்று நான் நம்பியிருந்தேன். உண்மையில் எனக்கு ஏழு மாதங்கள் ஆயின.

கோளாறு ஏற்காட்டுச் சாலையில் தொடங்கவில்லை. அதற்கு முன்பே கார்த்திகை மாதத்தில், காலையில் முதல் உதையிலேயே கிளம்பும் வண்டி இரண்டு மூன்று உதை கேட்கத் தொடங்கியிருந்தது. ஓடும்போதும் இடையிடையே ஒரு வெடிப்பை விழுங்கிவிட்டு ஓடியது. பிளக்கைக் கழற்றி, சிலிண்டர் ஹெட்டின் மேல் வைத்துக் கிக்கரை உதைத்துப் பார்த்தேன். தீப்பொறி நீலமாக, சொடுக்கென்று வராமல், மஞ்சளாகச் சோம்பலாக வந்தது. தீப்பொறிக்கான மின்சாரத்தை உண்டாக்கும் மேக்னட்டின் மூடியைக் கழற்றி, சுழலும் சக்கரத்தின் சன்னல் வழியே டார்ச் அடித்துப் பார்த்ததில், திறந்து மூடித் தீப்பொறியை உரிய நேரத்தில் வரவழைக்கும் பிளாட்டினம் பாயிண்டின் முகங்களில் கருப்பாக ஒரு படலம் தெரிந்தது. அதைப் பெட்ரோலில் நனைத்த அட்டையால் துடைத்து, ஃபீலர் கேஜை வைத்து இடைவெளியைச் சரிசெய்ததும் வண்டி முன்போலவே ஓடியது. நோய் தீர்ந்தது என்று மூடியைப் போட்டுவிட்டேன்.

மூன்றே வாரங்களில் அதே கோளாறு திரும்பியது. இம்முறை பாயிண்டையும் கண்டென்சரையும் சேர்த்தே மாற்றினேன். கண்டென்சர் கெட்டால் பாயிண்ட் கருகும் என்பது உண்மையாகையால், அது எனக்கு நியாயமான முடிவாகவே பட்டது. ஆனால் கருகலுக்கும் படலத்துக்கும் வேறுபாடு உண்டு. கண்டென்சரால் கருகிய பாயிண்டின் ஒரு முகத்தில் சிறு குழியும் எதிர்முகத்தில் சிறு மேடும் இருக்கும், அவை உலர்ந்தும் இருக்கும். என் பாயிண்டில் இருந்ததோ வழவழப்பான ஈரம். விரலால் தேய்த்தால் டூ-டி ஆயிலின் வாசனையே வந்தது. அந்த வாசனையை நான் முகர்ந்தேன், நினைவில் வைத்திருக்கிறேன், ஆனாலும் அதைப் பற்றி யோசிக்கவில்லை. பாயிண்டைத் தடவும் கேமுக்கு எண்ணெய் ஊட்டச் சிறிய கம்பளித் துண்டு ஒன்று அங்கே இருக்கிறதல்லவா, அதில் யாரோ அதிகமாக எண்ணெய் விட்டிருப்பார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த யாரோ நானாகத்தான் இருக்க முடியும் என்பதும், நான் அப்படி விடவில்லை என்பதும் அப்போது உறைக்கவில்லை.

மாசி மாதத்தில் இரண்டாவது நோய் வந்து சேர்ந்தது. சிக்னலில் ஆக்சிலேட்டரை முழுவதுமாக விட்ட பிறகும் இன்ஜின் உடனே அடங்காமல், சில நொடிகள் உயரத்திலேயே கூவிவிட்டு மெதுவாக இறங்கியது. முதலில் கேபிள் சிக்குகிறதென்று எண்ணி அதை மாற்றினேன். பிறகு தெருமுனைப் பட்டறையில் காட்டினேன். அங்கிருந்தவர் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, பிளக்கைப் பார்த்தார். அதன் பீங்கான் முனை வெளிறிப்போய்ச் சுண்ணாம்புபோல் இருந்தது. நன்றாக எரியும் டூ-ஸ்ட்ரோக் இன்ஜினின் பிளக் வறுத்த காப்பிக்கொட்டை நிறத்தில் இருக்க வேண்டும். வெள்ளை நிறம் என்றால் பெட்ரோல் குறைவு அல்லது காற்று மிகுதி என்று பொருள். அவர் இவ்விரண்டில் முன்னதை எடுத்துக்கொண்டு கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டை ஓர் அளவு பெரிதாக்கி, பெட்ரோலின் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசியான நீடிலை ஒரு பள்ளம் உயர்த்திவிட்டார். பிளக் பழுப்பு நிறத்துக்குத் திரும்பியது, மைலேஜ் குறைந்தது, கூவலும் பாதியாகக் குறைந்தது. பெட்ரோலைக் கூட்டிக் காற்றை ஈடுகட்டும் இந்த வைத்தியத்தில், காற்று எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி கேட்கப்படாமலே போய்விடுகிறது. ஊர்ச்சாலையில் அந்த ஈடு போதுமானதாக இருந்தது. சித்திரை வெயிலில், முழு ஆக்சிலேட்டரில், மலை ஏறும்போது அது போதவில்லை.

சிலிண்டரைக் கழற்றிப் பார்த்தபோது பிஸ்டனின் எக்ஸாஸ்ட் பக்கத்தில் அலுமினியம் வழிந்து சிலிண்டர் சுவரில் ஈயம் பூசியதுபோல் ஒட்டியிருந்தது. அலுமினியப் பிஸ்டன் இரும்பு உறையைவிட வேகமாக விரியும். சூடு எல்லை மீறினால் இரண்டுக்கும் இடையிலுள்ள நூலிழை இடைவெளி மறைந்து, எண்ணெய்ப் படலம் கிழிந்து, இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். பட்டறைக்காரர்கள் ‘இன்ஜின் பிடிச்சுக்கிச்சு’ என்று சொல்வது இதைத்தான். சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு லேத் பட்டறைக்குப் போனேன். அங்கே போர் போடுபவர், அதாவது சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து பெரிதாக்குபவர், எழுபதை நெருங்கும் பெரியவர். மைக்ரோமீட்டரை உள்ளே விட்டுத் திருப்பிப் பார்த்துவிட்டு, முதல் ஓவர்சைஸ் பிஸ்டனுக்கே, அதாவது 0.25 மில்லிமீட்டர் பெரிதாக்கினாலே, கோடுகள் போய்விடும் என்றார். பிறகு என் கையைப் பார்த்தார். காலையில் மீண்டும் ஒருமுறை பாயிண்டைத் துடைத்திருந்ததால் நகக்கண்ணில் அந்தக் கருப்பு இருந்தது. எதனால் என்று கேட்டார். சொன்னேன்.

“தம்பி, பாயிண்டத் தொடைக்கறது இருக்கட்டும். அங்க ஆயில் எந்த வழியா வருதுன்னு பாத்தீங்களா?”

அந்த ஒரு கேள்வியில் ஏழு மாதக் கதையும் தலைகீழாகப் புரண்டது. மேக்னட் பக்கத்தில் எண்ணெய்க்கு வேலையே இல்லை. அது உலர்ந்த அறை. ஆயில் பம்பும் கியர் ஆயிலும் கிளட்ச் பக்கத்தில் இருக்கின்றன. மேக்னட் அறைக்குள் டூ-டி ஆயிலின் வாசனையோடு ஈரம் வருகிறதென்றால், அது பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் தண்டு சுழலும் அறையான கிராங்க் கேசிலிருந்து, அந்தத் தண்டு வெளியே வரும் இடத்திலிருக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலைத் தாண்டித்தான் வர முடியும். எண்ணெய் வெளியேறும் வழி எதுவோ, அதுவேதான் காற்று நுழையும் வழியும்.

நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் ஆயில் சீல் கசிந்தால் தரையில் எண்ணெய்ச் சொட்டு விழும், அவ்வளவுதான். டூ-ஸ்ட்ரோக்கில் அப்படியில்லை. 1891-இல் இங்கிலாந்தின் பாத் நகரத்தைச் சேர்ந்த ஜோசப் டே காப்புரிமைக்கு எழுதிய இன்ஜினில், பிஸ்டனின் மேற்பக்கம் எரிப்பதற்கும் கீழ்ப்பக்கம் காற்றை இழுத்து அழுத்துவதற்கும் என இரண்டு வேலைகளைப் பகிர்ந்துகொண்டன. ஆர்எக்ஸ் 100-இன் இன்ஜினும் அடிப்படையில் அதே ஏற்பாடுதான். பிஸ்டன் மேலே ஏறும்போது கிராங்க் கேசில் வெற்றிடம் உண்டாகிக் கார்புரேட்டரிலிருந்து கலவை உள்ளே வருகிறது. கீழே இறங்கும்போது அதே கலவை அழுத்தப்பட்டுப் பக்கவாட்டு வழிகளின் மூலம் சிலிண்டருக்குள் ஏறுகிறது. ஆகவே கிராங்க் கேஸ் என்பது வெறும் பெட்டியன்று, அது ஒரு பம்பு. நிமிடத்துக்கு 7,500 சுற்றில் ஓடும்போது நொடிக்கு 125 முறை அது உறிஞ்சி, 125 முறை ஊதுகிறது. உறிஞ்சும்போது தேய்ந்த சீலின் உதடு வழியே வெளிக்காற்று உள்ளே வருகிறது. அந்தக் காற்று கார்புரேட்டரைக் காணாததால் அதில் பெட்ரோல் இல்லை. ஆக்சிலேட்டரை மூடிய பிறகும் இன்ஜின் கூவிக்கொண்டிருந்ததற்கும், பிளக் வெளிறியதற்கும், சூடேறிப் பிஸ்டன் பிடித்ததற்கும் இதுவே காரணம். ஊதும்போது அதே இடைவெளி வழியே எண்ணெய்ப் புகை வெளியே வந்து, சீலுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருக்கும் பாயிண்டின் மேல் படிந்தது. பற்றவைப்பில் ஒரு கோளாறு, எரிபொருளில் ஒரு கோளாறு என்று நான் தனித்தனியாக மருந்து கொடுத்துக்கொண்டிருந்தவை ஒரே ஓட்டையின் உள்மூச்சும் வெளிமூச்சும்தான்.

பொருந்துகிறது என்பதால் மட்டும் ஒரு விளக்கம் உண்மையாகிவிடாது. இதுவரை எனக்குக் கிடைத்த எல்லா விளக்கங்களும் பொருந்தித்தான் இருந்தன. எனவே புதிய பிஸ்டனைப் போட்டு இன்ஜினைப் பூட்டியதும், வண்டியைக் கிளப்பாமல் முதலில் காற்றடைத்துச் சோதித்துவிட முடிவு செய்தேன். இதற்கென்று கடையில் விற்கும் கருவியை வாங்கவில்லை. அப்பாவுக்கு ரத்த அழுத்தம் பார்க்க வீட்டில் வைத்திருந்த பழைய கருவியின் கைப்பட்டை கிழிந்து, பரணில் கிடந்தது. அதன் ரப்பர் குமிழும் முள் காட்டும் கடிகையும் நன்றாக இருந்தன. கடிகை 300 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் வரை காட்டும். அது ஏறத்தாழ 6 பி.எஸ்.ஐ. டூ-ஸ்ட்ரோக் கிராங்க் கேசைச் சோதிக்கப் பொதுவாகப் பயன்படுத்தும் அழுத்தமும் அதேதான் என்பதை அறிந்தபோது, மனித உடம்புக்கும் இந்த இன்ஜினுக்கும் ஒரே கடிகை போதுமானதாக இருக்கிறதே என்று சிரித்துக்கொண்டேன். அதற்கு மேல் ஏற்றவும் கூடாது. மிகுதியான அழுத்தம் நல்ல சீலைக்கூடப் பிதுக்கிவிடும்.

சைலன்சரைக் கழற்றி, எக்ஸாஸ்ட் வாயில் பழைய டியூப் ரப்பரை வெட்டி வைத்து, மேலே ஒரு தகட்டால் இறுக்கினேன். கார்புரேட்டரைக் கழற்றிய இடத்தில், அளவுக்குச் சீவிய ரப்பர் அடைப்பானைச் செருகிக் கிளாம்பை முறுக்கினேன். ஆயில் பம்பிலிருந்து வரும் மெல்லிய குழாயையும் கழற்றி அடைத்தேன். ஒரு பழைய பிளக்கின் பீங்கானை உடைத்து எடுத்துவிட்டு, அந்த இரும்புக் கூட்டில் குமிழின் குழாயை எபாக்சி பசையால் ஒட்டி, பிளக் துளையில் முடுக்கினேன். பிஸ்டன் அடிமட்டத்தில் இருந்தால்தான் பக்கவாட்டு வழிகள் திறந்திருந்து சிலிண்டரும் கிராங்க் கேசும் ஒரே அறையாகும் என்பதால், மேக்னட்டைக் கையால் திருப்பி அங்கே நிறுத்தினேன். குமிழை அமுக்க அமுக்க முள் ஏறி 300-ஐத் தொட்டது. கையை எடுத்ததும் இறங்கத் தொடங்கியது. நிமிடத்துக்கு 1 பி.எஸ்.ஐ, அதாவது 50 மில்லிமீட்டர் வரை இறங்கினால் பொறுத்துக்கொள்ளலாம் என்பது வழக்கம். என் முள் பதினைந்தே நொடியில் சுழியத்தில் கிடந்தது.

கசிவு இருக்கிறது என்பது உறுதியான பிறகு, எங்கே என்று காண்பதற்குச் சோப்பு நுரை போதும். ஹெட்டின் விளிம்பிலும் சிலிண்டரின் அடியிலும் ரீட் வால்வைச் சுற்றியும் தூரிகையால் தடவினேன், எங்கும் அசைவில்லை. புல்லர் போட்டு மேக்னட்டைக் கழற்றி, சுருள்களும் பாயிண்டும் இருக்கும் தட்டையும் எடுத்த பிறகு, தண்டைச் சுற்றியிருந்த சீலின் மேல் நுரையைத் தடவி மீண்டும் குமிழை அமுக்கினேன். தண்டின் கீழ்ப்பக்கத்தில் ஒரு குமிழி எழுந்து உடைந்தது. அதே இடத்தில் இன்னொன்று. பிறகு சிறு சிறு குமிழிகளாகச் சோறு கொதிப்பதுபோல் வந்துகொண்டே இருந்தன. ஏழு மாதங்களாக என்னைச் சுற்றவிட்டதை அப்படி நேருக்கு நேர் பார்த்தபோது கோபம்கூட வரவில்லை.

சீலை எடுப்பது எளிது என்று பலர் சொல்வார்கள். எளிதுதான், தண்டைக் கீறாமல் எடுப்பதுதான் கடினம். ஸ்குரூ டிரைவரைத் தண்டோடு சேர்த்து நெம்பினால் சீல் வந்துவிடும், கூடவே தண்டில் ஒரு கீறலும் விழும். பிறகு எந்தப் புதிய சீலும் அங்கே நிற்காது. சீலின் இரும்பு முகத்தில் மெல்லிய துளை போட்டு, பேரிங்கைத் தொடாத ஆழத்துக்கு ஒரு சிறு திருகாணியை ஏற்றி, அதன் தலையைக் குறடால் பிடித்து இழுத்தேன். வந்த சீலின் உதடு ரப்பராகவே இல்லை. வளைத்தபோது அப்பளம்போல் நொறுங்கியது. முப்பது ஆண்டுகளின் சூட்டுக்கு அது இவ்வளவு நாள் தாங்கியதே பெரிது. எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலும் பழைய ரப்பருக்கு நட்பானதன்று என்பதையும், எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் பழைய அளவு ஜெட்டில் கலவை இன்னும் சற்று மெலியும் என்பதையும் இந்த வகை வண்டி வைத்திருப்பவர்கள் கணக்கில் கொள்ள வேண்டும்.

புதிய சீலை வாங்கும்போது பெயரைச் சொல்லிக் கேட்பதைவிடப் பழையதைக் கையில் கொண்டுபோவது நல்லது. உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு ஆகிய மூன்று எண்களும் அதன் முகத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கும். முதலில் ஒரு கடையில் கொடுத்தது அளவில் பொருந்தினாலும், உதட்டைச் சுற்றி அணைக்கும் சுருள்கம்பி இல்லாமல் இருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டு, விலை மூன்று மடங்கான வேறொன்றை வாங்கினேன். மொத்தச் செலவில் அது ஒரு பிளக்கின் விலைதான்.

பொருத்துவதற்கு முன் மேக்னட்டைத் தண்டோடு பூட்டும், தண்டின் பள்ளத்திலிருந்த அரைநிலாச் சாவியைக் கழற்றி, அந்தப் பள்ளத்தின் கூர்மையான விளிம்பு புதிய உதட்டைக் கிழிக்காமலிருக்க அதன் மேல் இரண்டு சுற்று செலோடேப் ஒட்டினேன். உதட்டில் கிரீஸ் தடவி, சுருள்கம்பியுள்ள பக்கம் கிராங்க் கேசை நோக்கி இருக்குமாறு வைத்து, அளவொத்த பி.வி.சி. குழாய்த் துண்டால் சுற்றிலும் சமமாகத் தட்டி இறக்கினேன். பழைய உதடு முப்பது ஆண்டுகள் உரசியதில் தண்டில் நகத்துக்குத் தட்டுப்படும் ஒரு வரி விழுந்திருந்தது. புதிய உதடும் அதே வரியில் உட்கார்ந்தால் பயனில்லை என்பதால், சீலை முழு ஆழத்துக்குத் தட்டாமல் ஒரு மில்லிமீட்டர் வெளியே நிறுத்திக்கொண்டேன். பழையதைத் தட்டியெடுத்த ஆழத்திலேயே புதியதையும் இறக்கிவிட்டு, இரண்டே மாதத்தில் மீண்டும் கசிகிறது என்று புலம்புகிறவர்களை அறிவேன்.

மீண்டும் குமிழை அமுக்கினேன். முள் 300-இல் நின்றது. தேநீர் போட்டுக்கொண்டு வந்து பார்த்தபோது 280-இல் இருந்தது.

மற்ற வேலைகளை விரைவாகச் சொல்லிவிடலாம். மெயின் ஜெட்டைப் பழைய எண்ணுக்கே மாற்றி, நீடிலை நடுப்பள்ளத்துக்கு இறக்கி, காற்றுத் திருகாணியை முழுவதும் மூடி ஒன்றரைச் சுற்று திறந்தேன். இதைச் செய்யாமல் விட்டிருந்தால் கசிவு அடைபட்ட இன்ஜினில் பெட்ரோல் மிகுந்து பிளக் நனைந்துபோயிருக்கும். ஆயில் குழாயைக் கழற்றியதால் அதில் காற்றுப் புகுந்திருக்கும் என்பதை எதிர்பார்த்து, பம்பின் திருகாணியைத் தளர்த்திக் குமிழி நிற்கும்வரை எண்ணெயை ஓடவிட்டேன். அத்துடன் முதல் இரண்டு லிட்டர் பெட்ரோலில் மட்டும் லிட்டருக்கு 20 மில்லி டூ-டி ஆயிலைக் கையால் கலந்தேன். புகை அதிகமாக வரும்தான். புதிய பிஸ்டன் எண்ணெயின்றி ஓடும் ஒரு நிமிடத்தைவிட அந்தப் புகை மேல்.

வண்டி முதல் உதையில் கிளம்பவில்லை, மூன்றாவதில் கிளம்பியது. சூடானதும் ஆக்சிலேட்டரைத் திருகிவிட்டேன். கை எடுத்த கணத்திலேயே சத்தம் சரிந்து, பழைய ஆர்எக்ஸ்-இன் அந்த ‘டிங்-டிங்’ நடையில் அமர்ந்தது. 500 கிலோமீட்டர் வரை பாதி ஆக்சிலேட்டருக்கு மேல் போகாமல் ஓட்டினேன். அதன் பிறகு மேக்னட் மூடியைக் கழற்றி, சன்னல் வழியே டார்ச் அடித்தேன். பாயிண்டின் முகம் உலர்ந்து, சாம்பல் நிறத்தில் இருந்தது. அடுத்த ஞாயிறு லேத் பட்டறைப் பெரியவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஏற்காட்டுக்குப் போனேன். 20-ஆவது வளைவைத் தாண்டும்வரை அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் இன்ஜினைக் கேட்டுக்கொண்டே வந்தார். மேலே இறங்கியதும், “செயின் லூசா இருக்குது பாருங்க” என்றார்.